வாரம் ஒரு பொட்டலம்

இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். நேற்றும் இதே நாற்காலியில் உட்கார்ந்து இதையேதான் நினைத்தேன், முந்தாநாளும் நினைத்தேன், ஆகவே இன்றைக்கு நினைப்பதற்குப் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது. வெயில் இன்னும் வரவில்லை. எதிர்ச்சாரிக்குப் பின்னால் நாலு மாடி எழுப்பிவிட்டார்கள், அதிலிருந்து எங்கள் மில் லைன் சந்துக்குச் சூரியன் பத்தே முக்காலுக்குத்தான் டூட்டிக்கு வருகிறது, பன்னிரண்டு தாண்டியதும் எங்கள் ஓட்டின் நிழலே அதை விழுங்கிவிடும். நடுவில் இருக்கிற அந்த ஒரு மணி நேரத்தில் கை, கால், முதுகு மூன்றும் வெயிலில் இருக்க வேண்டும் என்பது டாக்டரம்மா உத்தரவு. எனக்கு வயது அறுபத்தாறு. பாத்ரூம் போய்த் திரும்புவதற்குள் இரண்டு தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அறுபத்தாறு. மில்லில் முப்பத்தோரு வருஷம் பஞ்சுத் தூசியைத் தின்றது பாதி, பீடி மீதி, நியாயமாகப் பங்கு போட்டு நெஞ்சை முடித்துவிட்டன. "ஏனுங்க, சட்டையக் கழட்டிட்டு உக்காருங்க, துணிக்கா வெயில் காட்டச் சொன்னாங்க?" என்று துளசி அடுப்படியிலிருந்து சத்தம் போடுகிறாள். முப்பத்தெட்டு வருஷமாக என்னோடு குடித்தனம் நடத்துகிறவள், என் விலா எலும்பு எண்ணிக்கை அவளுக்குத் தெரியும், சந்துக்கும் தெரிய வேண்டுமா? கழற்றவில்லை. அடுத்து என்ன சொல்வாள் என்பதும் தெரியும். சொல்லிவிட்டாள். "ஆறுச்சாமியண்ணனப் பாருங்க, வந்ததுமே சட்டையக் கழட்டிக் கொடில போட்டுட்டு எப்படி உக்காந்துக்கறாரு." பார்க்கிறேன் தாயே, தினமும் அவனைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறேன், எனக்கு வேறு என்ன வேலை.

ஆறுச்சாமி வீடு சந்தின் கடைசி. பதினொரு மணிக்கு ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வருவான், ஏனென்றால் அவன் வீட்டு வாசலில் வேப்பமரம், வெயில் விழாது. என் வாசலில் விழுகிற வெயில் இரண்டு ஆள் அகலம். அதில் ஒரு ஆள் அகலம் அவனுக்கு. வெயிலில் என்ன பங்கு, அது என்ன என் அப்பன் வீட்டுச் சொத்தா என்று எனக்கே தெரிகிறது, தெரிந்தும் முக்காலியை அவன் போடுகிற சத்தம் கேட்டால் என் நாற்காலி ஒரு சாண் நடுவே நகர்ந்துவிடுகிறது. இரண்டு பேரும் ஒரே வருஷம் மில்லில் சேர்ந்தோம். ஒரே புளோ ரூம், பஞ்சுப் பொதியைப் பிரித்து மெஷினில் போடுகிற இடம், உள்ளே போனால் எதிரே நிற்கிறவன் மூக்கு தெரியாது. லீவு முடிந்து திங்கட்கிழமை போனால் நெஞ்சை யாரோ கயிறு போட்டுக் கட்டினமாதிரி இருக்கும், செவ்வாய்க்கிழமை அவிழ்ந்துவிடும், திங்கட்கிழமைக் காய்ச்சல் என்று சொல்லிச் சிரித்தோம். இப்போது ஏழு நாளும் திங்கட்கிழமைதான். இரண்டு பேருக்கும் ஒரே வியாதி, ஒரே டாக்டரம்மா, ஒரே இழுக்கிற மருந்து. ஒரே வியாதி என்றால் ஒரே மாதிரியல்லவா இருக்க வேண்டும், அங்கேதான் என் வயிறு எரிகிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு பக்கமும் மஞ்சள் கூம்பு வைத்து ஆறு நிமிஷம் நடக்கச் சொல்வார்கள், எத்தனை மீட்டர் என்று ஒரு பெண் எழுதிக்கொள்வாள். முதல் தடவை நான் இருநூற்றுப் பத்து, அவன் இருநூற்று நாற்பது. சரி, முப்பது மீட்டர், அன்றைக்கு எனக்குச் சளி. அடுத்த மாசம் நான் இருநூறு, அவன் இருநூற்று எண்பத்தைந்து. கடைசியாகப் போனபோது நான் நூற்றுத் தொண்ணூறில் உட்கார்ந்துவிட்டேன், அவன் முந்நூற்று நாற்பது. டாக்டரம்மா கை தட்டினாள். துளசியும் தட்டினாள். அவள் கழுத்தில் கட்டின தாலி என்னுடையது, தட்டின கை அவனுக்கு.

வெயில் வந்துவிட்டது. முதலில் கால் கட்டை விரலில் விழும், அப்புறம் மெல்ல முழங்காலுக்கு ஏறும். சூடு நன்றாகத்தான் இருக்கிறது. இதனால் மனசும் தேறும் என்று யாரோ அவனிடம் சொல்லி அவன் என்னிடம் சொன்னான், டாக்டரம்மா அப்படிச் சொல்லவில்லை, அவள் கவனமாகப் பேசுகிறவள். எங்கள் மாதிரி இளைப்புக்காரர்களுக்கு ரத்தத்தில் இந்த வைட்டமின் டி குறைவாக இருப்பது சகஜமாம், மூச்சுக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடுகிறோமாம், குறைந்தவர்களில் நிறையப் பேருக்கு மனசும் சோர்ந்திருக்கிறதாம். "எது மொதல்ல எது அப்பறம்னு எங்களுக்கே முழுசாத் தெரியாதுங்க, டி ஏறுனா மனசு சரியாயிரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா எலும்புக்கு வேணும், குறைச்சலா இருக்கறத ஏத்தித்தான் ஆகோணும்" என்றாள். எனக்கு எட்டு, அவனுக்குப் பதினொன்று. அதிலும் அவன் மூன்று கூட. மனசைப் பற்றிக் கேட்பதற்கு என்றே அங்கே ஒரு சின்னப் பெண் இருக்கிறாள், ஒரு தாளை வைத்துக்கொண்டு போன இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டம் இல்லாமல் இருந்ததா, தூக்கம் எப்படி, செத்தால் தேவலை என்று தோன்றியதா என்று சாப்பிட்டீர்களா என்கிற குரலில் கேட்கிறாள். துளசி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "அதெல்லாம் ஒன்னுமில்லீங்க" என்றேன். எல்லாவற்றுக்கும் அதுதான் பதில். குளிக்கும்போது தலையில் தண்ணீர் விழுந்ததும் மூச்சு நின்றுவிடும் என்று பயந்து நான் இரண்டு வாரமாகத் தலைக்கு ஊற்றவில்லை என்பதையும், டி.வி.யில் யார் சிரித்தாலும் எனக்குக் கோபம் வருகிறது என்பதையும், செத்தால் தேவலை என்பது தோன்றாத நாளைத்தான் எண்ண வேண்டும் என்பதையும் அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது, அதுவும் சம்சாரத்தை வைத்துக்கொண்டு. ஆறுச்சாமி சொன்னான். கதவு திறந்துதான் கிடந்தது, கேட்டது. "அழுகையா வருதுங்கம்மிணி, மரகதம் போனதுலருந்து சோத்துல கை வெச்சா அழுகையா வருது" என்று செத்துப்போன சம்சாரத்தைச் சொல்லி அங்கேயே அழுதான். அந்தப் பெண் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். துளசி வராந்தாவில் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அழுகையிலும் அவனுடையதுதான் பெரியது, என்னுடையது கணக்கில் வரவில்லை. நான்தான் கொடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

முழங்காலுக்கு வந்துவிட்டது. சந்தின் கடைசியைப் பார்க்கிறேன், இன்னும் காணோம். அந்த டிக்காகப் பொட்டலம் கொடுத்த அன்றைக்கு அவனை எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப் போயிருந்தார்கள். டாக்டரம்மா என்னை உட்கார வைத்து, பொடிப் பொட்டலத்தைக் கையில் எடுத்துக் காட்டி, "இது வாரத்துக்கு ஒன்னே ஒன்னு, எட்டு வாரம், பாலுல கலக்கிக் குடிச்சுக்குங்க. நல்லதுதானன்னு தெனமும் போட்டுறக் கூடாது, ரத்தத்துல கால்சியம் ஏறி கிட்னிக்கு வந்துரும்" என்றாள். நர்ஸ் உறை மேல் வாரம் ஒன்று என்று பேனாவால் எழுதவும் எழுதினாள். அப்புறம் டாக்டரம்மா, "உங்க கூட வந்தவருக்கும் சொல்லீருங்க, அவரு படிக்க மாட்டாருன்னு சொன்னாரு" என்றாள். சொல்கிறேன் என்று தலையாட்டினேன். சொல்லவில்லை. அது மறதிதான், சத்தியமாக மறதி. வெளியே வந்தால் அவன் துளசியிடம் எக்ஸ்ரே மெஷின் எப்படி அவனை மூச்சை அடக்கு என்று மிரட்டியது என்று நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான், அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், என்னோடு அவள் அப்படிச் சிரித்து எத்தனை வருஷம் என்று யோசித்ததில் பொட்டலம் மறந்துவிட்டது. மறந்ததற்கு யாரும் ஜெயிலில் போட முடியாது. என்னை அரிப்பது பஸ்ஸில் நடந்ததுதான்.

பன்னிரண்டு நாளாகிறது. முந்நூற்று நாற்பது மீட்டர் நடந்துவிட்டு ஆள் புதுமாப்பிள்ளை மாதிரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். எப்படிடா இவ்வளவு தெம்பு என்று கேட்டேன், மனசார அல்ல, கேட்க வேண்டுமே என்று. "எல்லாம் அந்தப் பொடிடா" என்றான். "தெனம் காத்தால பாலுல ஒன்னு. ஆஸ்பத்திரில குடுத்த எட்டும் எட்டு நாள்ல ஆயிப்போச்சு, அப்பறம் மூலைல மெடிக்கல்ல காலி ஒறயக் காட்டி வாங்கிக்கறேன். ஒரு மாசத்துக்கு மேலாச்சு." வாயைத் திறந்தேன். யார் உனக்குத் தினமும் போடச் சொன்னது என்றுதான் கேட்டேன். அவன் என்னை அப்பாவியைப் பார்ப்பதுபோல் பார்த்தான். "மில்லுல வெல்லம் எப்பிடிக் குடுத்தாங்க? தெனம் ஒரு அச்சு. வாரத்துக்கு ஒன்னா குடுத்தாங்க? நெஞ்சுக்குக் குடுக்கறது தெனமும்தாண்டா." ஆமாம், ஷிப்ட் முடிந்தால் ஆளுக்கு ஒரு அச்சு வெல்லம் கொடுப்பார்கள், தொண்டையில் ஒட்டின பஞ்சை அது இழுத்துக்கொண்டு போய்விடும் என்று மேஸ்திரி சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாதவன் நெஞ்சு வைத்தியத்தை வேறு எங்கே கற்றுக்கொண்டிருப்பான். புளோ ரூமில் நின்ற எவனாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பான், உறையைப் படிக்கத் தெரியாவிட்டால் நானும்தான். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அடேய், அது வாரத்துக்கு ஒன்றுடா. நாலு வார்த்தை. முன் சீட்டிலிருந்து துளசி திரும்பி, "அண்ணனுக்கு மொகமே தெளிஞ்சு போச்சுங்க, நீங்களும் இருக்கறீங்களே" என்றாள். வாயை மூடிக்கொண்டேன். ஒரே ஒரு நாள், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், கொஞ்சம் அனுபவித்துவிட்டுப் போகட்டும் என்று பெரிய மனசு பண்ணுகிறவன் மாதிரி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அவன் கொஞ்சம் சரியட்டும் என்றுதான் நினைத்தேன். சாக வேண்டாம், படுக்க வேண்டாம், ஒரு நூற்றைம்பது மீட்டர் குறையட்டும், அவ்வளவுதான் கேட்டேன். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். என்னுடையது கண்ணடிகூட இல்லை, சும்மா இருந்தது. சும்மா இருப்பதற்கு ஒரு பழமொழி இருந்தால் தேவலை.

அந்தப் பொடி நல்லதா கெட்டதா என்பதில்கூட என்னால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. டாக்டரம்மா சொன்னதை நம்பினால் அவன் கிட்னி வீணாகிக்கொண்டிருக்கிறது. அவனை நம்பினால் நான்தான் முட்டாள், தினமும் குடித்திருந்தால் நானும் முந்நூற்று நாற்பது. போன வெள்ளிக்கிழமை வாரக் கணக்கில் இல்லாத ஒரு பொட்டலத்தைப் பிரித்துத் தம்ளர் வரைக்கும் கொண்டுபோனேன், திரும்ப மடித்து வைத்துவிட்டேன். பாருங்கள், என் விஷயத்தில் டாக்டரம்மாவை நம்புகிறேன், அவன் விஷயத்தில் அவனை நம்புகிறேன். இவ்வளவு வக்கீல் புத்தி எனக்கு எங்கே இருந்தது. மூச்சு என்னுடையது, அதுதான் ஆத்திரம். மில் கபடி டீமில் பாடிக்கொண்டு போகிறவன் நான், ஒரே மூச்சில் கோட்டைத் தாண்டி, மூன்று பேரைத் தொட்டு, காலைப் பிடித்தவனையும் இழுத்துக்கொண்டு திரும்புவேன், நாச்சிமுத்துவுக்கு வயிற்றில் இரண்டு நுரையீரல் கூட இருக்கிறது என்று மேனேஜரே சொன்னார். ஆறுச்சாமி ஓரத்தில் குந்தியிருந்து காலைப் பிடிக்கிறவன். நாலு தப்படி ஓடினால் அவனுக்கு வாய் பிளந்துவிடும். துளசி என்னைக் கட்டிக்கொண்டதே அந்த விளையாட்டைப் பார்த்துத்தான், கல்யாணமான புதிதில் அவளே சொன்னாள். அப்படியென்றால் இப்போது அவள் என்ன பார்க்கிறாள், யாருக்குக் கை தட்டுகிறாள். அவன் மேல் அவளுக்கு வேறு எண்ணம் எதுவும் இல்லை, அண்ணா அண்ணா என்றுதான் கூப்பிடுகிறாள், அது எனக்குத் தெரியாதா. சந்தேகமாக இருந்தால்கூடச் சண்டை போட்டுத் தீர்த்துவிடலாம். ஒரு குற்றமும் இல்லாத ஆள் மேல் வருகிற பொறாமையை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது. கொள்ளுப் பருப்பு கடைந்தால் முதல் கிண்ணம் அவனுக்குப் போகிறது. தாளித்த வாசம் இப்போதும் வருகிறது.

அதோ வருகிறான். வேப்பமர நிழலைவிட்டு முக்காலியும் அவனுமாக வெளியே வந்துவிட்டான். இருபதாவது வீட்டைத் தாண்டுவான், கொடிக்கம்பத்தைத் தாண்டுவான், தண்ணீர்க் குழாயையும் நிற்காமல் தாண்டி அங்கேயிருந்தே என்னடா நாச்சி என்று கத்துவான், நான் தினமும் பார்க்கிற கூத்து. இன்றைக்குக் கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். நின்றான் என்பது எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. முக்காலியைக் கீழே வைத்தான், குனிந்து முழங்காலில் கையை ஊன்றினான், நான் ஊன்றுகிறதைப் போலவே. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்கப் போவதில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது, இரண்டு மாசமாக அடைத்துக் கிடந்த இடத்தில் கொஞ்சம் காற்று போனதுபோல் இருந்தது. பத்து எட்டு வைத்துக் குழாயடியில் மறுபடி நின்றான். ஒரு கை வயிற்றைப் பிடித்திருந்தது. இரண்டாவது தடவை நின்றபோது சந்தோஷம் வரவில்லை. வர வேண்டும் என்று காத்திருந்தேன் போல, வராதபோது பயம்தான் வந்தது, முதுகில் வெயில் ஏறியிருந்தும் ஜில்லென்று. மூன்றாவது தடவை அவன் முக்காலியை அங்கேயே போட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தான்.

என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான். சட்டையைக் கழற்றவில்லை. உதடு வெடித்திருந்தது. "அம்மிணி, ஒரு சொம்பு தண்ணி கொண்டா" என்றான். துளசி கொண்டுவந்த சொம்பை வைத்த வாய் எடுக்காமல் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டான். "நாலு நாளா இதே தாகம்டா. குடிக்கக் குடிக்க ஒன்னுக்குப் போகுது, மறுபடி தாகம். சோறு எறங்க மாட்டீங்குது, கொமட்டுது. வெளிக்கிப் போயி அஞ்சு நாளாச்சு." நேற்றும் இங்கே உட்கார்ந்திருந்தாயே, சொல்லவில்லையே என்றேன். "என்னத்தச் சொல்றது, நல்லாயிருக்கறான் நல்லாயிருக்கறான்னு எல்லாரும் சொல்றப்ப" என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்தினான், துளசி சொம்பு நிரப்ப உள்ளே போயிருந்தாள். "மனசும் மறுபடி கீழ எறங்கிருச்சுடா. காத்தால எந்திரிக்கவே முடியல. நாளைலருந்து ரெண்டு பொட்டலமாப் போட்டுப் பாக்கலாம்னு இருக்கறேன்."

"போடாத" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அத இனித் தொடாத. அது வாரத்துக்கு ஒன்னுதாண்டா." அவன் விளங்காமல் பார்த்தான். "ஆரு சொன்னா?" "டாக்டரம்மா. தெனமும் போட்டா கிட்னிக்கு வந்துரும்னு சொன்னாங்க. உனக்கும் சொல்லச் சொன்னாங்க." இத்தனை நாள் அடைத்துக் கிடந்தது இவ்வளவு சுலபமாக வந்துவிட்டது, இருமல்கூட வரவில்லை. எழுத்துத் தெரியாதவன்தான், ஆனால் புத்தி கெட்டவன் அல்ல. "பஸ்ஸுல சொன்னனே. அன்னிக்கே உனக்குத் தெரியுமா?" தெரியும் என்றேன். மறந்துபோச்சு என்று சொல்லியிருக்கலாம், பாதி உண்மைதானே, அந்தப் பாதியை வைத்துக்கொண்டு மிச்சக் காலத்தை ஓட்டியிருக்கலாம். அவன் உதட்டைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. "அப்பறம் ஏண்டா சொல்லல?" "பொறாமைடா" என்றேன்.

"என்ற மேலயா?" என்று கேட்டான். கோபத்துக்கு முன்னால் அவன் முகத்தில் வேறு ஒன்று வந்துவிட்டுப் போனதை நான் பார்த்தேன், அவன் கொஞ்சம் நிமிர்ந்துகூட உட்கார்ந்தான். அறுபத்தைந்து வருஷத்தில் அவன் மேல் பொறாமைப்பட்டவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். "என்ற மேல பொறாமப்பட என்னடா இருக்குது? பொண்டாட்டி போய்ச் சேந்துட்டா. பையன் போன்ல இருக்கறான். சோறு உன்ற ஊட்டுச் சோறு." "நடக்கறயேடா" என்றேன். சொல்லாமல் எத்தனை நாள் என்று கேட்டான். பன்னிரண்டு என்றேன். அவன் தலையை மெல்ல ஆட்டினான், பிறகு கையை நீட்டி என் நாற்காலிக்குப் பக்கத்தில் வெறுமையாகக் கிடந்த வெயிலைக் காட்டினான். "பன்னண்டு நாளும் நான் இங்கதானடா உக்காந்திருந்தேன்."

துளசி நிலைப்படியில் சொம்போடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை, முகத்தைப் பார்த்தால் எல்லாம் கேட்டிருக்கிறது என்று தெரிந்தது. என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் தேவலையாக இருந்திருக்கும். சொம்பை அவன் கையில் கொடுத்தாள், முக்கு ஸ்டாண்டுக்குப் போன் பண்ணி ஆட்டோ வரச் சொன்னாள், கடைசி வீட்டுக்குப் போய் அவனுடைய ஆஸ்பத்திரிப் பையையும் மேசை மேல் கிடந்த காலி உறைகளையும் வாரிக்கொண்டு வந்தாள். அவள் இப்படி வேகமாக நடந்து நான் பார்த்து வெகுநாள் ஆகிறது. நான் எழுந்தேன். சட்டைப் பொத்தானைச் சரிபார்த்தேன், இழுக்கிற மருந்தைப் பையில் போட்டுக்கொண்டேன், படியிறங்க மூச்சைச் சேர்த்துக்கொண்டு நின்றேன். ஆறுச்சாமி திரும்பிப் பார்க்காமல், "அம்மிணி, நீ மட்டும் வா. இவன் வேண்டாம்" என்றான். டாக்டரம்மா சொன்னதை நான்தானே நேரில் கேட்டேன், நான் வந்து சொல்கிறேன் என்றேன். "நான் சொல்லிக்கறேன்" என்றாள் துளசி. அவனைக் கைத்தாங்கலாக ஏற்றினாள், பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

ஆட்டோ சந்து திரும்பும் வரைக்கும் படியில் நின்றேன், அதற்குமேல் கால் நிற்கவில்லை, நாற்காலிக்கே வந்துவிட்டேன். அடுப்பில் எதுவோ தீய்கிற வாசம், எழுந்துபோய் அணைக்க வேண்டும், போகிறேன், கொஞ்சம் மூச்சு வரட்டும். பகல் பதினொன்றரைக்குச் சந்தில் ஒரு ஆள் இல்லை. அவனுக்கு ஒன்றும் ஆகக்கூடாது, கிட்னிக்கு எதுவும் வந்திருக்கக்கூடாது, முந்நூற்று நாற்பது அல்ல நானூறு நடக்கட்டும் என்று வாய்விட்டே சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன், அதில் ஒரு பொய்யும் இல்லை. சொல்லி முடிப்பதற்குள், ரோடு மோசமான ரோடு, ஆட்டோ குலுங்கும், அவன் சாய்ந்துவிடாமல் துளசி அவன் தோளைப் பிடித்துக்கொண்டிருப்பாள் என்பதும் நினைவுக்கு வந்துவிட்டது.